பொட்டலத்தின் மேல் பெயர் இல்லை

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி ஆறு வருடம் ஆகிறது. தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். போன வருடம் உத்திரமேரூர் வீட்டுக்குப் போனபோது, பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது என்றார். மூன்றை ஒட்டி இருக்கவேண்டிய ஐஎன்ஆர் ஆறைத் தாண்டியிருந்தது.

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அப்பா கொஞ்சம் தயங்கினார். "ரத்த ஓட்டத்துக்குன்னு ஒரு சீன மூலிகைப் பொடி..." தெரிந்தவர் யாரோ கொடுத்தது. பொட்டலத்தின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை.

சீன மருத்துவத்தில் 'ரத்தத்தை இயக்குபவை' என்றே ஒரு மூலிகை வகை உண்டு. அதில் பேர்போனது டான்ஷென் வேர். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அப்பாவின் பொடியில் அதுதான் இருந்ததா? யாராலும் சொல்லமுடியவில்லை.

"பழங்காலத்து மருந்துப்பா, ஒண்ணும் பண்ணாது" என்றார் அப்பா. அந்தப் பழங்காலத்தைத்தான் நான் தேடிப்போனேன். அது எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1068-69ஐச் சேர்ந்தது. 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். சம்பளம் 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர்கள், பணிவிடைப் பெண்கள், நாவிதர் எல்லோருக்கும் கூலி குறிக்கப்பட்டிருக்கிறது. இருப்பில் வைக்கவேண்டிய சுமார் 20 மருந்துகளும் பெயர் சொல்லி வருகின்றன. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம்கூட உண்டு. இது ஊருக்கே பொதுவான ஆஸ்பத்திரி இல்லை. வேதபாடசாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியது. ஆனால் கணக்கு சுத்தம்.

சீனாவிலும் கிட்டத்தட்ட அதே காலம்தான். 1076இல் சோங் அரசு தலைநகர் கைஃபெங்கில் அரசு மருந்துக்கடை திறந்தது. அடுத்த வருடம் சோழத் தூதுக்குழு அந்த அரசவைக்குப் போனது. பிறகு அந்த மருந்துக்கடைகளுக்கென்று தொகுத்த நூலில், ரத்தத்துக்கான நான்கு மூலிகைக் கஷாயத்துக்குச் சேர்மானம் எழுதியிருக்கிறது.

இந்த மருந்துகள் எல்லாம் வேலை செய்தனவா என்பது வேறு கேள்வி. ஆனால் என்ன மருந்து, யார் பொறுப்பு என்று இரண்டு பக்கமும் எழுதிவைத்தார்கள். நம்மிடம் வந்துசேர்ந்தது பழமை என்ற பேர் மட்டும். எழுதிவைக்கும் பழக்கம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "வைத்தியர் பேரக்கூடவா கல்லுல வெட்டியிருக்கான்?" என்று கேட்டார். பிறகு எழுந்துபோய், அலமாரியில் மீதமிருந்த பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.