'கலா': இசைத்தட்டும் பேரில்லாத உறுமியும்

2007 ஆகஸ்டில் வெளியான 'கலா' என்ற இசைத்தொகுப்பை அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அவ்வாண்டின் முதலிடத்தில் வைத்தது. வெளியிட்டது லண்டனின் எக்ஸ்எல் என்ற சுயேச்சை நிறுவனம். பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக ஈழம் போய், பத்து வயதுவாக்கில் அகதியாகத் திரும்பியவர். 2005இல் வந்த முதல் தொகுப்பின் பெயர் 'அருளர்': 'லங்கா ராணி' எழுதிய, ஈரோஸ் இயக்கத்து அருளர்தான் அப்பா. இரண்டாவதற்குத் தையல்வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவின் பெயர். இயக்க வரலாறுகளில் அம்மாக்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம் என்பது தனிக்கதை.

2006இல் அமெரிக்கா விசா தராமல் இழுத்தடித்தது. அங்கே முன்னணித் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலை இந்தியா, ஜமைக்கா, டிரினிடாட் என்று அலைந்தது. சென்னையில் ரகுமானின் ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் முன்னால் நிற்பது அந்த உறுமிதான். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க மிருகம் மாதிரி உறுமும். மறுமுகத்தில் அடி விழும். எங்கள் தென்னேரி, காஞ்சிபுரம் பக்கம் பம்பைதான் அதிகம். உறுமி தெற்கிலும் மேற்கிலும் தழைத்தது, மலேயாத் தோட்டங்களுக்குக் கூலிகளோடு கப்பலேறியது. அடிப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும். சபாக்கள் இதை உள்ளே விட்டதில்லை. 'தளபதி'யின் இளையராஜா பாட்டு, 'ஜெயம்' படப் பாட்டு ஆகியவற்றின் துண்டுகளும் இத்தொகுப்பில் கிடக்கின்றன.

மேற்கத்திய விமர்சனம் இதையெல்லாம் 'மூன்றாம் உலகம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. காதைவிட மாயாவின் வாழ்க்கைக் குறிப்பையே அதிகம் நம்பியது: அகதி, துப்பாக்கி, புலி. விசா கெடுபிடியைக் கிண்டலடிக்கும் 'பேப்பர் ப்ளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. ஆனால் அதிலுள்ள துப்பாக்கிச் சத்தத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் அமுக்கினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் துப்பாக்கி ஒவ்வாதாம்!

'அருளர்' தொகுப்பின் பெருமையை டிப்லோ என்ற வெள்ளை ஆண் தயாரிப்பாளரின் கணக்கில் எழுதிய பத்திரிகைகளை 2007இல் ஒரு நேர்காணலில் மாயா வறுத்தெடுத்தார். நியாயமான கோபம். பெண், அதுவும் கறுப்புத்தோல் பெண், தானே யோசித்துச் செய்திருப்பாள் என்று இவர்களுக்கு ஏன் படுவதில்லை? ஆனால் படைத்தது யார் என்கிற இந்த வழக்கில் உறுமிக்காரன் கட்சிக்காரனாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. காஞ்சிப் பட்டில் கடைக்காரன் பேர் இருக்கும், நெய்தவன் பேர் இருக்காது, அந்தச் சங்கதிதான்.

நம்மவர்கள் கதை வேறு. 2009இல் ரகுமானோடு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த அதே ஜனவரியில், நடப்பது இனப்படுகொலை என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் சொன்னார். அத்தனை பெரிய மேடையில் அதைச் சொல்ல அன்று வேறு யார் இருந்தார்கள்? அதன்பிறகுதான் நமக்கு அவர் 'உலகத் தமிழச்சி' ஆனார். அந்தப் பெருமிதத்தில் உறுமியும் பொத்தாம்பொதுவாகத் 'தமிழர் இசை' ஆகிவிட்டது. சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது யாருடைய இசையாம்?

'பாய்ஸ்' காணொளியை ஜமைக்காவில் எடுத்தார்கள். கிங்ஸ்டன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். உறுமி கேட்கிறது, தேய்க்கிற கை படத்தில் இல்லை.