தென்னை நிழலில் கினியாப்புல்

காலடிப்பேட்டை என்றதும் யாருடைய காலடி என்று வினவும் நண்பர்கள் உண்டு. காலடிக்கும் இப்பேட்டைக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்தில் கும்பினியாரின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட் பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஊர்ப்பெயர்களைத் துருவுவது நமக்குப் பழகிய வேலை. இம்முறை ஒரு புல்லின் பெயரைத் தொடர்வோம். அதுவும் கப்பலேறி வந்த பெயர்தான்.

கினியாப்புல்லின் தாயகம் ஆப்பிரிக்கா. அடிமை வணிகக் கப்பல்களோடு அது மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது என்பர். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயரே புல்லுக்கும் நிலைத்துவிட்டது. இந்தியாவுக்கு வந்த ஆண்டு 1793 என்று குறிக்கப்படுகிறது. தீவனப் புற்களுள் பல வெயிலுக்கு ஏங்குபவை. இதுவோ மரத்தடியிலும் தழைக்கும். தென்னந்தோப்புக்குள் இதற்கு இடம் கிடைத்தது இக்குணத்தால்தான்.

அவ்விடத்தை அளந்து காட்டிய பெருமை காசரகோட்டைச் சாரும். இன்று அது கேரளத்து ஊர். 1956 வரை சென்னை மாகாணத்துத் தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்தது. 1916இல் மாகாண அரசு அங்கு அமைத்த தென்னை ஆய்வு நிலையமே 1970இல் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில், தென்னையின் வேர்கள் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேர் தொடாமல் கிடக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டனர். வெயிலின் கணக்கோ வேறு. எட்டு முதல் இருபத்தைந்து வயது வரை தோப்பின் நிழல் அடர்த்தியாக இருக்கும். அதற்குப் பின் மரங்கள் உயர உயர, கீற்றுகளின் ஊடே வெயில் மீண்டும் தரைக்கு இறங்கும். முதிர்ந்த தோப்பே புல்லுக்கு ஏற்ற தோப்பு.

இலாபம் இரட்டிப்பு என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னை மிகுதியாக வேண்டுவது சாம்பல் சத்து. புல்லும் அதையே வாரிக் கொள்ளும். அறுத்த புல் தோப்பை விட்டு வெளியேறினால் அச்சத்தும் உடன் வெளியேறும். கோடையில் ஈரத்துக்கும் போட்டி எழும். ஆகவேதான் காசரகோட்டில் புல்லை மட்டும் வளர்க்கவில்லை. தோப்பிலேயே கறவை மாடுகளைக் கட்டி, சாணத்தைச் சாண எரிவாயுக் கலத்துக்கும், கலத்தின் கழிவைத் தென்னைக்கும் திருப்பினர். புல்லை விடவும் இச்சுழற்சியே அங்கு நடந்த உண்மையான கண்டுபிடிப்பு என்பது நம் கருத்து. வடசென்னைத் தெருக்களிலும் மாடுகள் உண்டு; அவற்றின் சாணம் போய்ச் சேரும் இடம் சாக்கடை. தோப்புக்காரர் புல்லைக் கட்டுக் கட்டாக நகரத்துக்கு விற்றால் கைக்குக் காசு வரும். இழந்த சத்துக்கு உரம் வாங்காவிடில் சில ஆண்டுகளில் காய்ப்புக் குறையும்.

நடுவோர் அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்தை வெறுமையாக விடுகின்றனர். அவ்வட்டம் தென்னையின் பங்கு.