மாதவியின் கடையமும் பாரிசுப் பெண்ணின் பரதமும்

சிலம்பில் மாதவி 7 ஆண்டு பயின்று, 12ஆம் வயதில் அரங்கேறி, தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அத்தகையவள் கடலாடு காதையில் ஆடிய 11 ஆடல்களில் கடைசியாக வருவது கடையம். அயிராணி உழத்தி வேடங்கொண்டு வாணன் நகரத்து வடக்கு வாயில் வயலில் ஆடியது அது. மரக்கால் ஏறி ஆடும் ஆட்டமும் அதே வரிசையில்தான் இருக்கிறது. ஆக, அரசவை ஆடல்மகள் வயற்காட்டு ஆட்டத்தை ஒதுக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சமணத் துறவி பாடிய காப்பியம் என்பதால் பெருமை பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். சித்தன்னவாசலில் எங்கள் முனிவர்களின் குகைப்பள்ளித் தூண்களிலேயே ஆடற்பெண்களைத் தீட்டி வைத்திருக்கிறார்களே!

பரதத்தோடு வேறு ஆட்டம் சேர்ந்தால் மரபு கெட்டுவிடும் என்கிறார்கள் நம் பெரியவர்கள் சிலர். எந்த மரபு? அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசை 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் வகுத்தது. கோயிலிலும் அரண்மனையிலும் இருந்த சதிர், 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடைக்கு வந்தது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பத்துப் பெண்கள் பலர் வீட்டோடு முடங்க, ஆட்டம் மட்டும் மேடையேறிவிட்டது. அன்று நடந்த மாற்றத்தைவிடவா இது பெரிது?

ஹிப் ஹாப்பின் பிறப்பும் புலம்பெயர்ந்தோர் கதையே. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தங்கை நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் இசைத்தட்டு ஓட்டினார். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை இரண்டு தட்டுகளால் அவர் நீட்ட, பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். நம் தாராவியிலும் பிற்பாடு ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் காசு வாங்காமல் கற்றுத்தந்த இளைஞர்கள் உண்டு.

பாரிசில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் உஷா ஜெய், முதலில் ஹிப் ஹாப்பும் பிறகு பரதமும் கற்றவர். 2022இல் இரு தோழியரோடு சேலை கட்டி, அமெரிக்க ராப் பாட்டுக்கு ஆடிய படம் உலகெங்கும் பரவியது. என் பேத்தி காட்டித்தான் பார்த்தேன். வியாபாரி பாஷையில் சொன்னால், இரண்டு சரக்கையும் ஒரே மூட்டையில் கொட்டவில்லை அந்தப் பெண்; தனித்தனியாக நிறுத்தே கொடுக்கிறார். அரைமண்டி அரைமண்டியாகவே இருக்கிறது, கண நேரத்தில் உடம்பு தளர்ந்து தெரு ஆட்டத்துக்குத் தாவுகிறது.

நம் சங்கத்துப் பெண் பிள்ளைகள் இருவர் அடுத்த விழாவில் கால்மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். தாளம் தப்பினால் முதலில் எழுந்து சொல்வதும் நானாகத்தான் இருப்பேன்.