காரைக்குடி வீணையின் நாதம்

மேல்நாட்டு ராக் சங்கீதத்தின் அபிமானிகள், தாம் போற்றும் கிட்டார் வித்வானுடைய தொனி எங்கிருந்து பிறந்தது என்று ஆராயப் புகுந்து, அவர் கையிலிருந்த வாத்தியத்தின் மரம் யாது, தந்தியின் கனம் என்ன, ஒலிபெருக்கிப் பெட்டி எந்தக் கம்பெனி செய்தது என்றெல்லாம் வருஷக்கணக்கில் வாதாடுவதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு, நான் நகைப்பதில்லை. எங்கள் மானகிரிக்கு அடுத்த காரைக்குடியின் பெயரை ஒரு வீணைச் சம்பிரதாயம் சென்ற நூற்றாண்டில் தாங்கி நின்றபோது, அதைக் கேட்ட செவிகளுக்கெல்லாம் இதே சந்தேகம் எழாமல் இருந்திருக்காது. அந்த நாதம் மரத்தினுடையதா, கையினுடையதா, அல்லது அது ஒலித்த கூடத்தினுடையதா?

காரைக்குடி வீணை என்று உலகம் சொன்னாலும், அதில் காரைக்குடியின் சொத்து என்று உரிமை கொண்டாடத்தக்க பௌதிகப் பொருள் ஒன்றுமே கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பலாமரம் பண்ருட்டிப் பக்கத்தில் விளைந்தது. அதைக் குடைந்து வீணையாக்கிய ஆசாரிகள் தஞ்சாவூர்க்காரர்கள். அதை மடியில் ஏந்திய குடும்பமோ, தலைமுறை தலைமுறையாக வீணையையே ஜீவனமாகக் கொண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆதரவில் வாழ்ந்த குடும்பம். அந்த வம்சத்துச் சுப்பையா ஐயரின் புதல்வர்களான சுப்பராமய்யரும், 1888-ல் பிறந்த சாம்பசிவய்யரும் காரைக்குடியில் குடியேறி, ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்று பெயர் பெற்ற பிறகே இந்த ஊர் வீணைக்கு ஊராயிற்று.

தஞ்சாவூர் வீணை செய்யப்படுகிற முறையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு, நாதத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். நன்றாக முற்றிய பலாக்கட்டையைத் துண்டித்து, குடம், தண்டி, யாளிமுகம் என்று தனித்தனியே கடைந்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுவதையும் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. குடத்தைக் குடைகிற ஆசாரி, சுவரின் கனத்தை அளவுகோலால் மட்டும் தீர்மானிப்பதில்லை. விரலால் தட்டிப் பார்த்து, சப்தம் மூடிக்கொண்டிருந்தால் இன்னும் சிறிது செதுக்குகிறார். குதிரையின் மேலே பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு ஒரு மெல்லிய வளைவு உண்டு. அந்த வளைவு ஒரு மயிரிழை தவறினாலும் தந்தி கரகரக்கும், அல்லது ஊமையாகிவிடும். இவ்வளவும் முடிந்த பின்னர் நடக்கிற ‘மேளம் கட்டுதல்’தான் எல்லாவற்றிலும் சூட்சுமமான காரியம். தேன்மெழுகோடு கரிப்பொடி முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இருபுறமும் வரம்புபோல் எழுப்பி, அந்த மெழுகின் மீது 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செவியால் சோதித்து ஊன்றுகிறார்கள். மெட்டுகள் 24 என்பது தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்ற முறை என்று சொல்வது வழக்கம். மெழுகு என்பதால் கோடையில் இளகும், காலப்போக்கில் உலர்ந்து வெடிக்கும். ஆகவே நல்ல வீணையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் மேளம் கட்டிக்கொள்ள ஆசாரியிடம் போயே தீர வேண்டும்.

இந்த மெழுகினால் விளைகிற ஒரு நன்மையை, கிட்டார் வாசிக்கிறவர்கள் வெகுகாலம் கழித்தே கண்டுகொண்டார்கள். மெட்டுகள் தண்டியை விட்டு உயர்ந்து நிற்பதால், இரண்டு மெட்டுகளுக்கு இடையே விரல் மரத்தில் இடிக்காமல் தந்தியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்க முடிகிறது; ஒரே மெட்டில் விரலை வைத்தபடி நாலைந்து ஸ்வரங்கள் மேலேறிவிடலாம். கமகம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு இந்த இழுப்பில் இருக்கிறது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாலின், மின்சாரக் கிட்டாரில் புகழின் உச்சியில் இருந்த 1970களில், அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் நம் வளவனூர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு ‘சக்தி’ குழுவுக்காகத் தனியே செய்வித்துக்கொண்ட கிட்டாரில், மெட்டுகளுக்கு நடுவேயுள்ள மரத்தைக் குழியாகச் செதுக்கச் சொன்னதோடு, சுருதிக்கென்று தனித் தந்திகளையும் குறுக்கே பூட்டச் செய்தார். தஞ்சாவூர் ஆசாரி மெழுகை எழுப்பிச் சாதித்ததை, மெக்லாலினின் கைவினைஞர் மரத்தைத் தோண்டிச் சாதித்தார் என்பதே விஷயம்.

ஆனால் வாத்தியம் இவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், அதே தஞ்சாவூர் வீணையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகவே ஒலித்தார்கள். சென்னையில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசிக்கும்போது, பக்கவாத்தியம் எதுவுமின்றி, மூச்சு விடும் ஓசையும் இடையூறு என்று ரசிகர்கள் அஞ்சி உட்கார்ந்திருப்பார்களாம். அது காதருகே இரகசியமாகப் பேசுகிற வாசிப்பு. காரைக்குடி சகோதரர்கள் சென்ற வழி அதற்கு நேர் எதிரானது. இரண்டு வீணைகள் ஒன்றாக ஒலிக்கும். பக்கத்தில் மிருதங்கம் முழங்கும், அதுவும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையைப் போன்ற மகாவித்வானுடைய மிருதங்கம். மூத்தவரான சுப்பராமய்யர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துக்கொண்டு வாசித்தார். இளையவர் எல்லோரையும்போல மடியில் கிடத்தி வாசித்தார். பார்வைக்கு விசித்திரமான இந்த அமைப்பிலிருந்து எழுந்த சப்தமோ, இரண்டு வீணை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாயிருந்தது என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மிருதங்கத்தின் பக்கத்தில், ஒலிபெருக்கியின் உதவியில்லாத காலத்தில், வீணை என்கிற மெல்லிய வாத்தியம் தன் குரலை இழக்காமல் நிற்க வேண்டுமானால், வலக்கையின் மீட்டு வலுவாக இருந்தாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காரைக்குடிப் பாணியின் இலக்கணமே அந்த மீட்டுத்தான். சாகித்தியத்தின் எழுத்து எழுத்தாகத் தந்தியில் விழும். இடக்கை விரல்கள் சேர்ந்தும் பிரிந்தும் மெட்டுகளின் மேல் ஓட, வலக்கைச் சுண்டுவிரல் மூன்று தாளத் தந்திகளைத் தட்டிக் கணக்கைக் காத்துக்கொண்டே இருக்கும். தானம் வாசிக்கையில் மட்டும் மத்தளத்துக்குச் சமமான ஓர் உருட்டும் திரட்சியும் தந்தியிலேயே பிறந்துவிடும். விரல் நுனியில் தந்தி பதித்த கரிய கோடுகளும், அவற்றுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளும் பழக்கமும் எல்லா வைணிகருக்கும் பொதுவானவை. ஆனால் வலிமையை அழகின் எல்லையைத் தாண்டாமல் நிறுத்தும் அடக்கம் சாதகத்தினால் மட்டுமே வருவது.

இங்கேதான் காரைக்குடியின் பங்கு எது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். பர்மா, இலங்கை, மலேயா முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார், அந்தப் பொருளைக் கொண்டுவந்து கட்டிய வீடுகளை இன்றும் காணலாம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றையடுத்து ஒன்றாக நீளும் அவற்றில், சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சேர்த்து இழைத்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிய சுவர்களும், பர்மாத் தேக்குத் தூண்களும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் அமைந்திருக்கின்றன. அத்தகைய கூடத்தில் கைதட்டினால் சப்தம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. துணியும் மெத்தையும் நிறைந்த அறையைப்போல் விழுங்கிவிடுவதில்லை. கல்யாணத்துக்கும் சஷ்டியப்த பூர்த்திக்கும் பந்தல் நிறையக் கூடிய ஜனங்களுக்கு முன்னால், இப்படிப்பட்ட வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் வாசித்துப் பழகிய கை, தனம்மாளின் சிற்றறையில் வாசித்த கையைப்போல் ஒலிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வாத்தியத்தைத் தஞ்சையும், வம்சத்தைப் புதுக்கோட்டையும் தந்தன என்றால், நிரப்பவேண்டிய இடத்தையும், அதற்குச் சன்மானம் கொடுக்கிற மனிதரையும் தந்தது செட்டிநாடு. ஒரு பாணி என்பது பெரும்பாலும் ஒரு சபையின் அளவுக்கேற்ப வளர்ந்த பழக்கமே என்பது என் எண்ணம்.

அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தமும், 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், கடல் கடந்து சென்று தொழில் நடத்திய நகரத்தாரின் கணக்குப் புத்தகங்களையே மூடிவிட்டன. வீட்டுக் கூடங்கள் நிற்க, கச்சேரிகள் பட்டணம் போய்ச் சேர்ந்தன. சங்கீத வித்வத் சபை 1928-லும், கலாக்ஷேத்திரம் 1936-லும், வானொலி நிலையம் 1938-லும் சென்னையில் தோன்றிவிட்டபடியால், வித்வான்களுக்குப் போக்கிடம் இருந்தது. தமையனார் மறைந்த பின் சாம்பசிவய்யரும் பின்னாளில் ருக்மிணி தேவியின் அழைப்பை ஏற்று, அவர் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராய் அமர்ந்து, 1958-ல் காலமாகும் வரை வீணைக்கே உழைத்தார். 1952-ல் அவருக்கு ஒரே சமயத்தில் இரு கௌரவங்கள் வந்தன: ஒன்று சங்கீத கலாநிதிப் பட்டம், மற்றொன்று சங்கீத நாடக அகாதமி தன் விருதுகளை முதன்முதல் அளித்தபோது கிடைத்தது. அந்த முதல் வரிசையில் இடம்பெற்றவர் நால்வர். அவர்களுள் அல்லாவுதீன் கானும் முஷ்தாக் ஹுசேன் கானும் வடநாட்டார். தென்னாட்டார் இருவருள் ஒருவர் காரைக்குடி சாம்பசிவய்யர், மற்றவர் பக்கத்து ஊர்க்காரரான அரியக்குடி ராமானுஜய்யங்கார். நாட்டின் முதல் விருதுகளில் பாதி, ஒரு நடைதூரத்துக்குள் அடங்கிவிட்டது என்பதில் எங்கள் வட்டாரத்தார் கொஞ்சம் கர்வப்பட்டால் மன்னிக்கலாம்.

சாம்பசிவய்யர் கற்பித்த விதம் கடுமையானது என்று பிரசித்தி. சிறு குழந்தையாக அவர் வீட்டுக்குள் குருகுலவாசமாக வந்த ரங்கநாயகி ராஜகோபாலனும், குடும்பத்திலேயே பிறந்த ராஜேஸ்வரி பத்மநாபனும், அவர் ஸ்வீகாரம் எடுத்துக்கொண்ட காரைக்குடி சுப்பிரமணியனும் அந்தக் கையைக் கையாகவே வாங்கிக்கொண்டவர்கள். புத்தகத்தில் எழுதிக் கொடுக்கக்கூடியதாயிருந்தால் இத்தனை வருஷம் அவர்கள் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பின்னர் வந்தது ஒலிவாங்கி. வீணையின் உடம்போடு ஒட்டவைக்கும் சிறு கருவி வந்தபின், மெல்ல மீட்டினாலும் அரங்கம் நிறைந்துவிடுகிறது; வலிய மீட்டுக்கு இருந்த நிர்ப்பந்தம் நீங்கிவிட்டது. தந்தி நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டே இருப்பதால், ஒரு மீட்டிலேயே பல கமகங்களை இழைக்கலாம் என்பது ஆதாயந்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சாம்பசிவய்யரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது, ஒவ்வொரு ஸ்வரமும் தந்தியிலிருந்து பறிக்கப்பட்டு எழுகிற அந்தத் திண்மை, மின்சாரத்தால் வரக்கூடியதன்று என்றே தீர்ப்பளிக்கத் தோன்றுகிறது.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், மரச்சாமான்களுக்கும் பீங்கான்களுக்கும் நடுவே, தந்தியறுந்த வீணை ஏதேனும் விலைக்கு நிற்பதைக் காண நேர்கையில், வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறவரையே எண்ணி மனம் சலிக்கிறது. மானகிரியிலோ சுற்றுவட்டத்திலோ தங்கள் வீட்டு மேல்மாடியில் உறைபோட்டு வைத்த வீணை உள்ளவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அதை விற்பதற்கு முன், ஒரு தடவை தஞ்சாவூருக்கு எடுத்துச் சென்று மேளம் கட்டச் சொல்லுங்கள், கட்டித் தருகிற ஆசாரிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். வீடு திரும்பியதும் பட்டாலையின் நடுவில் அதை வைத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒலிவாங்கி இல்லாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.