சக்கரத்தைத் தாங்க ஒரு முக்காலி

பழவேற்காட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே போனால் சாலை உங்களை ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவையும் அவர்களுடைய கல்லறைகளையும் பார்க்க வெளியூரார் வருவதுண்டு. நானும் மாணவர்களை அழைத்துக்கொண்டு அதற்காகத்தான் போனேன். ஆனால் அன்று வெகுநேரம் நின்று பார்த்தது ஒரு மொபெட்டின் பின்சக்கரத்தை.

மீன் வியாபாரி ஒருவருடைய வண்டி அது. கிளிஞ்சல் ஓடு கிழித்த டயரை மாற்றியே தீரவேண்டிய நிலை. பெட்டியில் இறாலும் மடவையும் பனிக்கட்டிக்குள் இருந்தன. பழுது பார்ப்பவர் சக்கரத்தைக் கழற்றி மணலில் படுக்க வைத்து நெம்பினார். சக்கரம் ஒரு பக்கம் புதைந்தது. மறு பக்கம் எழும்பியது. பிறகு மெல்லச் சுழன்றது. நெம்புகோல் வழுக்கி உள்ளே இருந்த டியூபைக் கடித்துவிட்டது. பஞ்சர் இல்லாத டியூபுக்கும் பஞ்சர்!

"இன்னும் எவ்ளோ நேரம்ணா? ஐஸ் கரையுது" என்றார் வியாபாரி. பெட்டியின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய அன்றைய வரும்படி அது.

டயரைக் கழற்றுவது ஏன் இவ்வளவு கடினம்? இதற்கு விடை தேட நாம் 19ஆம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும்.

காற்றடைத்த டயருக்கு 1845இலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் அதை விரும்பி வாங்குவோர் இல்லை, மறந்தும் போனார்கள். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக மீண்டும் அதைக் கண்டுபிடித்தார். (தாம்சன் முந்திக்கொண்டதால் டன்லப்பின் காப்புரிமை 1890இல் செல்லாது என்றாகிவிட்டது.) ஆனால் டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டது. பஞ்சரானால் பசையைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, மறுபடி ஒட்டி, காயவிட வேண்டும். பிரான்சு நாட்டுக் கிளேர்மான்-பெரான் நகரில் மிஷ்லின் சகோதரர்களின் பட்டறைக்கு இத்தகைய டயருடன் ஒரு சைக்கிள்காரர் வந்தார் என்றும், பல மணி நேரம் பழுது பார்த்து இரவு முழுதும் காயவைத்த பின்னும் அது நிற்கவில்லை என்றும் சொல்வார்கள்.

எதுவாயினும், 1891இல் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தனர். அவ்வாண்டு நடந்த பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரைப் பூட்டி ஓட்டி, அடுத்தவரைவிடச் சுமார் எட்டு மணி நேரம் முந்தி வந்தார். பஞ்சர் அவருக்கும் ஏற்பட்டதுதான். பழுது பார்க்கும் நேரம்தான் குறைந்தது.

இன்று நம் வண்டிகளில் உள்ள ஏற்பாட்டுக்கு மூலவர் வேறொருவர். இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890இல் டயரின் விளிம்பினுள் நீளாத கம்பி வளையத்தை வைத்தார்; ரிம்மின் நடுவே பள்ளம் விட்டார். இதன் அழகைக் கவனியுங்கள். கம்பி வளையம் ரிம்மின் விளிம்பைவிடச் சிறியது. ஆகவே நேராக இழுத்தால் வெளியே வராது. ஆனால் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கினால், வளையம் முழுவதும் அந்தப் பக்கமாக நகர்கிறது. எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்ச்சி கிடைக்கிறது. அந்தத் தளர்ச்சியில்தான் நெம்ப வேண்டும். நன்றாகத் தெரிந்தவர் முழங்காலால் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் அமுக்கிக்கொண்டு மறுபக்கத்தை எடுப்பார். தெரியாதவர் வலிமையைக் காட்டுவார். கம்பி அறும், அல்லது டியூப் கிழியும்.

30 செ.மீ. நெம்புகோலில் முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளித் தாங்குபுள்ளி இருப்பதாகக் கொள்வோம். மறுபக்கம் 28 செ.மீ. நீங்கள் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் முனையில் 140 கிலோ! ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதியை மறக்கக் கூடாது. சக்கரத்தை ஏதேனும் ஒன்று எதிர்த்துப் பிடித்தால்தான் அந்த விசை டயரில் வேலை செய்யும். மணல் பிடிக்காது. மேடும் பள்ளமுமான மண் தடங்களில் ஓடும் டர்ட் பைக் பந்தயக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் ஓட்டுபவர்தாமே டயரை மாற்றவேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்திய மோட்டார் சைக்கிள் வீரர் சி. எஸ். சந்தோஷ் ஓட்டியது போன்ற பாலைவனப் பந்தயங்களில் டியூபுக்குப் பதில் நுரை இரப்பர் வளையத்தைத் திணிப்பதும் உண்டு. அதை உள்ளே செலுத்துவது இன்னும் கடினம். ஆகையால் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் மடக்கு முக்காலி அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று: மேலே ஒரு வளையம், நடுவே அச்சுத் துளையில் செருகும் ஊசி, கீழே கால்கள். சக்கரம் தரையைத் தொடாது. பிரேக் தட்டு வளையாது.

நம் ஊரில் டயரும் மோட்டார் சைக்கிளும் புதியவை அல்ல. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலையும் அங்கேயே எழுந்தது. பழவேற்காட்டுக்குப் போகும் வழியிலுள்ள சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் 1980களின் இறுதி வரை பந்தயங்கள் நடந்தன.

சரி, மணல் ஊருக்கு எந்த முக்காலி ஏற்றது? கடை ஓரிடத்திலேயே இருப்பதானால் வாங்கவே வேண்டாம்; பழைய லாரி டயர் ஒன்றைப் படுக்க வைத்து அதன்மேல் சக்கரத்தை வைத்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் நான் பார்த்தவர் ஏரிக்கு அப்பாலுள்ள குப்பங்களுக்கும் போய் வேலை செய்பவர். லாரி டயரைச் சுமந்து போக முடியாது. மூன்று கால் இருந்தால் ஆடாது. எந்தத் தரையிலும் மூன்று புள்ளிகள் படிந்துவிடும். ஆனால் மெல்லிய குழாய்க் கால் மணலில் இறங்கிவிடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று பள்ளியில் படித்தோமல்லவா? எனவே காலடியில் அகலமான தட்டு வேண்டும். நடு ஊசி பல அச்சுத் துளைகளுக்கும் பொருந்த வேண்டும். அலுமினியம் இலேசானது என்று உடனே வாங்கிவிடாதீர்கள்: உப்புக் காற்றில் இரும்புத் திருகாணியோடு சேர்ந்தால் இரண்டுக்குமிடையே மின்வேதி வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். துத்தநாகம் பூசிய இரும்பே இங்கு நல்லது; சற்றுக் கனம் என்றாலும் மண்ணில் நிற்கும்.

இவற்றையெல்லாம் தாளில் வரைந்து அடுத்த முறை அவரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் பார்த்தார். "ஒயரத்த மட்டும் கொறச்சிடலாம் சார். முட்டி போட்டு அமுக்கணுமில்ல?" என்றார். நான் இடுப்பு உயரத்துக்கு வரைந்திருந்தேன். என் முதுகை நினைத்து வரைந்தது. அவர் சொன்ன உயரத்துக்கே பொன்னேரியில் வெல்டிங் செய்து வாங்கினோம். காலடித் தட்டுகளை மட்டும் அவர் ஏற்கவில்லை. உடைந்த படகின் பலகையை மூன்று துண்டாக அறுத்துப் போட்டுக்கொண்டார்.