இத்துப்போன லுங்கியும் அத்தையின் மாலையும்

போன பொங்கலுக்கு வள்ளூர் போனபோது அத்தையிடம் கோபப்பட்டுவிட்டேன். ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பழைய பழவேற்காடு லுங்கி ஒன்று இருந்தது. சிவப்பும் நீலமும் கலந்த கட்டம். அதைப் போட்டோ எடுத்து, இழை எண்ணி, குறிப்பு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் லுங்கி பெட்டியில் இல்லை, அத்தையின் கழுத்தில் இருக்கிறது! நாடா நாடாவாக வெட்டி, முறுக்கிப் பின்னி, நடுவே எண்ணூர் முகத்துவாரத்தில் பொறுக்கிய சிப்பி, அறுந்த கருகமணி, ஒரு பித்தளைச் சாவி வளையம் எல்லாம் கோத்து மாலையாக்கியிருந்தார்.

"ஏன் அத்தை வெட்டினீங்க?"

"மடிச்ச எடமெல்லாம் தானா இத்துப் போச்சுப்பா. இன்னும் ரெண்டு வருசம் வுட்டிருந்தா தூளுதான்."

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டத் துணி நம்ம வட்டாரத்தின் சரித்திரம். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது முக்கியமாகத் துணி வியாபாரத்துக்காக. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'பெலெக்காட்' என்றுதான் பெயர், அதாவது பழவேற்காடு. திருவொற்றியூரில் இருக்கும் காலடிப்பேட்டையும் நெசவாளர்களுக்காக உண்டான ஊர்தான். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் 'காலெட்பேட்டை'யாக இருந்து, நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆனது. சாயவேரில் சிவப்பு, அவுரியில் நீலம். ஏறத்தாழ ஒரு கஜச் சதுரமாக நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை' இந்தக் கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. மறைக்க வேண்டியதில்லை: சோழமண்டலக் கரைத் துணி அங்கே அடிமைகளுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டது. அந்த அடிமைகளின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் மார்டினிக்கிலும் செயிண்ட் லூசியாவிலும் அதே கட்டத்தைத் தலைக்கட்டாகக் கட்டித் தங்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள். அங்கே துணியின் பெயரே 'மத்ராஸ்'.

இவ்வளவு சரித்திரம் உள்ள துணியை ஒருவர் கத்தரிக்கோலால் வெட்டினால் வயிறு எரியாதா?

ஊர் திரும்பியபின் கலபாரி மக்களைப் பற்றிப் படித்தேன். நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் இருப்பவர்கள். மெட்ராஸ் கட்டத் துணியை 'இஞ்சிரி' என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதை அப்படியே மடித்து வைப்பதில்லை. பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள்ளேயே புதுக் கோலம் கொண்டுவருகிறார்கள். அந்தத் துணிக்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே', அறுத்த துணி. அதைக் குடும்பப் பெட்டியில் சொத்தாகக் காப்பாற்றி, பெரியவர்கள் இறந்தால் கிடத்தும் கட்டிலை அலங்கரிக்கவும் எடுக்கிறார்கள். நெய்தது நாம். ஆனால் அறுத்ததால்தான் அது அவர்களுடையது ஆனது.

நம்ம பக்கம் லுங்கி கிழிந்தால் என்ன ஆகும்? கரித்துணி. அத்தை வெட்டியதால்தான் தாத்தாவின் கட்டம் இன்னும் பத்துப் பேர் கண்ணில் படுகிறது. நான் 'வைத்துக் காப்பாற்ற' நினைத்தது பெட்டிக்குள் தூளாகிக்கொண்டிருந்தது.

போன மாதம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு நாடாவில் இழை எண்ணி, போட்டோ எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். "மிச்சத் துணி ஏதாவது இருக்கா அத்தை?" என்றதற்கு அடுப்பங்கரையைக் காட்டினார். சோற்றுப்பானை இறக்கும் துணி. கறைக்கு நடுவே கரையோடு ஒரு முழுக் கட்டம் கெடாமல் இருந்தது.

அதற்குப் பதிலாகப் புதுசாக இரண்டு கரித்துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.