கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம், தமிழ் விக்கிப்பீடியாவில்

ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழாக்கி, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கூகுள் நிறுவனம் சேர்த்த முயற்சி. 2009இல் கூகுள் வெளியிட்ட டிரான்ஸ்லேட்டர் டூல்கிட் இதற்குக் கருவி. வங்கம், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளிலும் இது நடந்தது. அமெரிக்கத் திரை, இசைப் பிரபலங்களைப் பற்றிய நீண்ட கட்டுரைகள் தமிழில் குவிந்தன. பிழைபட்ட வாக்கியங்களும், இல்லாத பக்கங்களைச் சுட்டும் சிவப்பு இணைப்புகளும் அவற்றில் மலிந்திருந்தன. 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியா தரப்பில் இக்குறைகள் எடுத்துவைக்கப்பட்டன.

இலவசமாக வந்த உள்ளடக்கத்தைக் குறைசொல்லலாமா, பிழையை யாரும் திருத்தலாமே என்பது ஒரு வாதம். திருத்தும் சுமையோ ஊதியமில்லாத் தன்னார்வலர் தலையில் விழுந்தது. எதை எழுதுவது என்ற முடிவு மட்டும் அச்சமூகத்துக்கு வெளியே எடுக்கப்பட்டது. விக்கிப்பீடியாவின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறதே என்பது இன்னொரு வாதம். அது சரிதான், ஆனால் உரிமம் பயன்பாட்டுக்கு வழிவிடுகிறதே தவிர, ஒரு சமூகத்தின் முன்னுரிமைகளை வகுக்கும் அதிகாரத்தை எவருக்கும் தருவதில்லை. கட்டுரைகள் பொதுவெளிக்கு வந்தன. மூல வாக்கியத்தையும் அதன் தமிழாக்கத்தையும் இணைகளாகச் சேமிக்கும் மொழிபெயர்ப்பு நினைவகமோ கூகுளின் கருவிக்குள் இருந்தது. 2011இல் கூகுளின் இயந்திர மொழிபெயர்ப்புச் சேவையான கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் சேர்ந்தது. 2019இல் டூல்கிட் மூடப்பட்டது. பொதுவளம் என்பது திறந்த கதவு மட்டுமன்று, அதைப் பேணுவோர் வகுக்கும் நெறிகளும் சேர்ந்ததே என்பதற்கு இத்திட்டம் சான்று.